பக்கத்துப் பலகை

சூரமங்கலம், சேலம்
3 ஜூன் 2024

ரஹமத்துக்கு,

நாமக்கல் மூத்தோர் வாசகர் வட்டத்தின் சொல்லேணிப் போட்டி அறிவிப்பு நேற்று வந்தது. வழக்கம்போல ஜோடிகளின் பெயர்களை அச்சிட்டிருக்கிறார்கள். உன் பெயருக்குப் பக்கத்தில் 'திருமதி நர்மதா, ராசிபுரம்' என்று இருந்தது. அச்சுப் பிழை என்று நினைத்துச் செயலாளருக்குப் போன் செய்து கண்டித்தேன். "இல்லீங்கம்மா, ரஹ்மாக்காவும் அவங்களும் நேர்லயே வந்து எழுதிக் குடுத்துட்டுப் போனாங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?" என்று கேட்டார். வெளி மனிதர் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்கும் நிலைமையை நீ உண்டாக்கியிருக்கிறாய்.

கான்வென்ட் விடுதியில் சிஸ்டர் நமக்கு ஒரு ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, ஒரு தடவைக்கு ஒரு எழுத்தை மட்டும் மாற்றி இன்னொரு சொல்லுக்குப் போகச் சொன்ன அன்று, "இதைத் தமிழில் செய்தால் என்ன?" என்று கேட்டவள் நான். உன்னைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டவளும் நான்தான். அன்றிலிருந்து நீ ஒரு படி, நான் ஒரு படி. உன் கல்யாணம், என் கல்யாணம், பிள்ளைகள், சாவுகள், எதற்காகவும் அது நிற்கவில்லை. வட்டம் இந்தப் போட்டியைத் தொடங்கிய நாள்முதல் கோப்பை நம்மிடம்தான் இருக்கிறது.

யார் இந்த நர்மதா? எங்கே படித்தவர்? சொல்லேணி அவருக்கு எப்போது தெரியும்? உன்னை 'ரஹ்மாக்கா' என்று யார் கூப்பிடுகிறார்கள்? உனக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாது.

போன் செய்யாதே. போனில் நீ அழுவாய், நான் விட்டுக்கொடுத்துவிடுவேன். எழுது.

அங்காளம்மாள்


ராசிபுரம்
8 ஜூன் 2024

அன்புள்ள அங்காளு,

உன் கவரைக் கையில் வாங்கிய ஷாஹுல், "சேலத்தம்மா கோவமா இருக்காங்க போலிருக்கே, ஸ்டாம்ப்பை ஸ்கேல் வெச்சு ஒட்டியிருக்காங்க" என்றான். "அவ சந்தோஷமா இருந்தாலும் அப்படித்தான்டா ஒட்டுவா" என்றேன். நெய்க் கடைக்குப் போகிற அவசரத்திலும் நின்று, "போன் போட்டுப் பேசுங்களேம்மா, ரெண்டு நிமிஷத்துல தீர்ந்துரும்" என்றான். ரெண்டு நிமிஷத்தில் தீருகிற சண்டையை நீ எப்போது போட்டிருக்கிறாய்?

நர்மதாவைப் பற்றிக் கேட்டாய். குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். அரசுப் பள்ளியில் படித்து, பாங்க்கில் இருந்து ஓய்வு பெற்றவள். பொங்கலுக்குப் பிறகு எங்கள் தெருவில் மகள் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறாள். நம்மைவிடப் பத்து வயது இளையவள். சொல்லேணி என்றால் என்ன என்றே தெரியாமல் இருந்தவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மாலையில் அஸர் தொழுதுவிட்டு நான் வந்து உட்காரும்போது அவளும் வந்துவிடுவாள். மருமகள் தஹ்சீன் எங்கள் இருவருக்கும் டீ போட்டு வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள்.

நேற்று 'நாடு' என்று தொடங்கி 'ஊசி' என்று முடிக்கச் சொன்னேன். நர்மதா சட்டென்று நடுவில் 'ஊடு' என்று போட்டாள். "அப்படி ஒரு சொல் இருக்குதாடி?" என்றேன். "ஏனுங்க்கா, நாங்க பொறந்து வளர்ந்ததே அதுக்குள்ளதானுங்க. இருக்குதான்னு கேட்டா நான் எங்க போறது?" என்றாள். மருமகள் அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பில் நான் சரி என்று விட்டுவிட்டேன்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். நீ 'ஏன்' என்று கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். 'யார்' என்றுதான் நாலு விதமாகக் கேட்டிருக்கிறாய்.

போன வருடம் கடைசிச் சுற்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு ஜோடிக்கு ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். ஒருத்தி ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும், பேசக்கூடாது, ஜாடை காட்டக்கூடாது. நமக்கு வந்தது 'மரம்'. முடிய வேண்டியது 'படகு'. நீ 'மடம்' என்று எழுதிச் சாக்பீஸைக் கொடுத்தாய். அடுத்தது 'படம்' என்று எனக்குத் தெரியும், அங்காளு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். என் கைதான் இப்போது மேலே போக நேரமாகிறது. அது நடுங்கிக்கொண்டு பாதி வழியில் இருந்தபோது, நீ என் விரலுக்குள்ளிருந்து சாக்பீஸை எடுத்தாய். நீயே 'படம்' எழுதினாய், நீயே 'படகு' எழுதினாய், நீயே மணியை அடித்தாய். நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மண்டபமே கைதட்டியது. நான் வெறுங்கையைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ராசிபுரம்வரை நீ பேசிக்கொண்டே வந்தாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நீ கவனித்தாயா?

நர்மதா தப்பும் தவறுமாகத்தான் எழுதுகிறாள். ஆனால் என் கை பலகையைத் தொடும்வரை காத்துக்கொண்டிருக்கிறாள்.

ரஹமத்


சூரமங்கலம், சேலம்
14 ஜூன் 2024

ரஹமத்துக்கு,

உன் கடிதத்தில் 'கவனித்தாயா' என்பதற்குப் பின் கேள்விக்குறியை மறந்து, அப்புறம் நெருக்கிப் போட்டிருக்கிறாய், 'எதிர்பார்த்தேன்' என்பதில் ஒற்று விட்டுப்போய் மேலே சொருகியிருக்கிறாய். அவசரமாக எழுதியிருக்கிறாய் என்று தெரிகிறது. நான் அவசரப்பட்டதாகக் குற்றம் சொல்லும் கடிதம் அது.

அன்று நேரம் முடியப் போகிறது. திருச்செங்கோட்டு ஜோடி நமக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது. நீ கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாய். நான் என்ன செய்திருக்க வேண்டும்? தோற்றிருக்க வேண்டுமா? ஜெயித்தது நம் இருவருக்கும் சேர்த்துத்தான். கோப்பையில் உன் பெயரும் இருக்கிறது. என் அலமாரியில் இருப்பதால் உன் பெயர் அழிந்துவிடவில்லை. வாரம் ஒருமுறை நான்தான் துடைக்கிறேன்.

'ஊடு' விஷயம். அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது, நீ அதைச் சொல்லுவாய் என்று தெரிந்தே பார்த்தேன். ஆனால் அங்கே அதற்குப் பொருள் 'இடையே'. அவள் எழுதியது வீட்டை நினைத்து. நினைத்தது தப்பு என்றால் எழுதியதும் தப்பு. என்னோடு ஆடியிருந்தால் நீ இதை விட்டிருப்பாயா? நான் விட்டிருக்க மாட்டேன் என்பதால் நீயும் விட்டிருக்க மாட்டாய். இப்போது மருமகள் சிரித்தாள் என்பதற்காக விடுகிறாய். நாம் ஆடும்போது யாராவது சிரித்திருக்கிறார்களா?

நானும் போட்டிக்கு வருகிறேன். எதிர் வீட்டுத் தண்டாயுதபாணியோடு. லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவர். நிறையப் பேசுவார், ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் நாள் பயிற்சியிலேயே, "ஏனுங்கம்மா, பேசக்கூடாதுன்னா நான் இருமலாமுங்களா?" என்று கேட்டார். "தேவைப்பட்டால் இருமலாம்" என்றேன். "தேவை எப்ப வரும்னு எனக்கெப்படிங்க தெரியும்?" என்கிறார். நாள்தோறும் காலையில் வந்து உட்காருகிறார். நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

பொறாமையால் இதைச் செய்கிறேன் என்று உன் புதுத் தோழி நினைக்க வேண்டாம். பொறாமைப்பட அவரிடம் என்ன இருக்கிறது? ஐந்து மாதப் பழக்கம் இருக்கிறது. சாயங்கால டீ இருக்கிறது. என் கணவர் போன பிறகு இந்த வீட்டில் எனக்கு எதிரே உட்கார்ந்து யோசித்த முகம் உன்னுடையது ஒன்றுதான்.

கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். நல்ல தாளில் அடித்தல் திருத்தல் எனக்குப் பிடிக்காது, புதிதாக எழுதத் தாளும் இல்லை. அதைப் படிக்காதது போல் இரு.

அங்காளம்மாள்


ராசிபுரம்
19 ஜூன் 2024

அங்காளு,

படிக்காதது போல் இருக்கிறேன்.

'ஊடு' பற்றி நீ எழுதியதை நர்மதாவுக்குப் படித்துக் காட்டினேன். "நினைச்சதுக்கெல்லாமா மார்க் குறைப்பாங்க? உங்க ஃபிரெண்டு கிட்ட நான் படிச்சிருந்தா பாஸாகியே இருக்க மாட்டேன்க்கா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நீ இதற்குக் கோபப்படுவாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். உன்னிடம் எதையும் மறைக்கும் பழக்கம் எனக்கு இன்னும் வரவில்லை. பெயர் கொடுத்ததை மட்டும்தான் மறைத்தேன். அதற்குத் தைரியம் வரவில்லை.

நாம் ஆடும்போது யாராவது சிரித்திருக்கிறார்களா என்று கேட்டாய். நாம் இருவரும் சிரித்திருக்கிறோம். எப்போது நின்றது என்று நீயே யோசி.

போட்டியன்று மண்டபத்தில் நடு மின்விசிறிக்குக் கீழே உட்காராதே. போன தடவை உனக்குச் சளி பிடித்தது.

ரஹமத்


சூரமங்கலம், சேலம்
1 ஜூலை 2024

ரஹமத்துக்கு,

நேற்று நடந்ததைப் பற்றி ஆளுக்கு ஒன்று பேசுவார்கள். நீயும் நர்மதாவும் பேசிச் சிரித்திருப்பீர்கள். அதனால் நடந்தது நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன்.

கடைசிச் சுற்றில் மூன்று ஜோடிகள். உங்கள் பலகையும் எங்கள் பலகையும் பக்கத்தில் பக்கத்தில். எல்லோருக்கும் ஒரே ஏணி: 'உடல்' என்று தொடங்கி 'உயிர்' என்று முடிக்க வேண்டும். நான் 'உரல்' எழுதினேன். தண்டாயுதபாணி 'உரம்' எழுதினார். அவர் இருமவில்லை, ஒழுங்காகத்தான் எழுதினார். அடுத்து நான் 'உளம்' எழுத வேண்டும். அது எனக்கு முன்பே தெரியும். அதற்குப் பின் உளர், உயர், உயிர். வழி முழுவதும் என் கண்ணில் இருந்தது.

அப்போதுதான் உன் பலகையில் முதல் சொல் முடிந்தது. 'உடன்'. நீ சாக்பீஸை நர்மதாவிடம் கொடுத்தாய். அவள் அதை விரலில் உருட்டிக்கொண்டு நின்றாள்.

நான் திரும்பி என் பலகையில் எழுதினேன். எழுதியது 'உளன்'.

'உரம்' என்பதற்குக் கீழே 'உளன்'. ஒரே படியில் இரண்டு எழுத்து மாறியிருக்கிறது. அந்த இடத்திலேயே நாங்கள் வெளியே. தண்டாயுதபாணி பேசக்கூடாது என்பதை மறந்துபோய், "ஏனுங்கம்மா, நான் இங்க உரம்னு எழுதிப்போட்டு நிக்கறேன், நீங்க எந்த ஊருக்குப் பதில் போடறீங்க?" என்றார். முன்வரிசை சிரித்தது. பின்வரிசைக்கு முன்வரிசை விளக்கிச் சொன்னது, பிறகு அதுவும் சிரித்தது.

என் கண்ணாடி பழையது. மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பலகைகளை அவ்வளவு நெருக்கமாக வைத்ததும் தவறு. செயலாளருக்குத் தனியாக எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உருட்டிக்கொண்டு நின்ற நர்மதா என் பலகையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, உன் 'உடன்' என்பதற்குக் கீழே 'உளன்' என்று எழுதினாள். நீ 'உளர்' எழுதினாய். அவள் 'உயர்'. நீ 'உயிர்'. மணி அடித்தது. நான் போட்டிருந்த வழியைவிட ஒரு படி குறைவு. மண்டபம் எழுந்து நின்றது. அவள் உன்னைக் கட்டிப்பிடித்தாள்.

அந்தச் சொல் என்னுடையது. அதை அவள் எடுத்தாள், நீ அதன்மேல் கால் வைத்து ஏறினாய். உனக்குத் தெரியாது என்று சொல்லாதே. என் சொல் எது, பிறர் சொல் எது என்று உனக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

பரிசளிப்புக்கு நான் நிற்கவில்லை. டீயும் குடிக்கவில்லை. பஸ்ஸில் தண்டாயுதபாணி மல்லூர் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "அந்தம்மா எழுதி முடிக்கறவரைக்கும் நீங்க மூச்சே உடலீங்க. நான் பாத்துட்டுத்தானுங்க இருந்தேன்" என்றார்.

கோப்பையை எடுத்துப்போக ஷாஹுலை அனுப்பு. துடைத்து வைத்திருக்கிறேன்.

அங்காளம்மாள்


ராசிபுரம்
6 ஜூலை 2024

அன்புள்ள அங்காளு,

கோப்பை எங்களுக்கு இல்லை. திருச்செங்கோட்டுக்காரர்கள் உன்னிடம் ஆள் அனுப்புவார்கள். நீ டீ குடிக்க நின்றிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும்.

'உளன்' என்று நர்மதா எழுதியதும் எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சில் இல்லாத சொல் அவள் கைக்கு வராது. அது நீயும் நானும் தமிழம்மாவிடம் செய்யுள் மனப்பாடம் செய்தபோது படித்த சொல். தலையைத் திருப்பினேன். உன் பலகையில் அது வேறு இடத்தில், தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்தது. உன் முகத்தையும் பார்த்தேன். அப்போதே நான் சாக்பீஸைக் கீழே வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. ஏன் என்று கேட்டால், அந்தச் சொல் என் 'உடனு'க்கு வந்த பதில். எனக்கு வந்த பதிலுக்கு நான் பதில் எழுதினேன். அவ்வளவுதான் அந்த நேரத்தில் தோன்றியது. உயிர்வரைக்கும் போய்விட்டுத்தான் சுற்றி மனிதர்கள் இருப்பது தெரிந்தது.

கைதட்டு அடங்கியதும் நடுவரிடம் போனேன். "இந்தச் சொல் எங்க பலகையில பொறந்தது இல்லீங்க. பக்கத்துப் பலகையில இருந்து வந்தது. எங்களுக்குப் பரிசு வேண்டாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு எப்போதும் அதுதான் வேலை.

நர்மதா வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க்கா, ஒருத்தரும் பாக்கலையே. நீங்களாப் போயி எதுக்குச் சொன்னீங்க? என் பேத்திகிட்ட ஜெயிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்று அழுதாள். அப்புறம் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நேற்றுத்தான் வந்தாள். வந்து உட்கார்ந்து, "அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? அதையாவது சொல்லுங்க" என்றாள். 'இருக்கிறான்' என்று அர்த்தம் சொன்னேன்.

கண்ணாடி என்று எழுதியிருக்கிறாய். சரி, கண்ணாடியாகவே இருக்கட்டும். ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் எழுதிவிடுகிறேன். பக்கத்துப் பலகையில் நின்றதால் உன் கை எனக்கு எட்டவில்லை. என் கையிலிருந்து எதையும் உன்னால் எடுக்க முடியவில்லை. அதனால் நீ நின்று பார்த்தாய். என் கை மெதுவாக மேலே போய், மெதுவாக மூன்று எழுத்தையும் எழுதி முடிக்கும்வரை பார்த்தாய். உன் ஜோடி உன்னிடம் சாக்பீஸைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார், ஜெயிக்கிற வழி உன்னிடம் இருக்கிறது, நீ என் சொல்லுக்காக நின்றுகொண்டிருந்தாய். அது வந்ததும் அதற்குப் பதில் எழுதினாய். இத்தனை வருடங்களில் நீ அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. தோற்றதற்கு நீ வெட்கப்படுகிறாய். எனக்கு அன்று ராத்திரி சோறு நன்றாக இறங்கியது.

அடுத்த வருடமும் நான் நர்மதாவோடுதான் நிற்பேன். அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். இதை இனிமையாக எப்படிச் சொல்வது என்று யோசித்தேன், வழி தெரியவில்லை.

ஆனால் தபாலில் என்னோடு ஆடு. ஒரு கடிதத்துக்கு ஒரு சொல். என் கடிதம் உன் கைக்கு வரும்வரை அடுத்த படியை நீ எழுதக் கூடாது. சூரமங்கலத்திலிருந்து கையை நீட்டினால் ராசிபுரம் எட்டாது, எனக்கு அந்த நிம்மதி போதும்.

சளி பிடித்ததா? நடு மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாய். பார்த்தேன்.

ரஹமத்


சூரமங்கலம், சேலம்
15 ஜூலை 2024

ரஹமத்துக்கு,

சளி பிடித்தது. இப்போது பரவாயில்லை.

பதில் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போட்டிக்கு அவள், தபாலுக்கு நான் என்று என்னைப் பாதியாகப் பிரித்து எனக்கே அனுப்பியிருக்கிறாய். மண்டபத்தில் எல்லோரும் பார்க்க உன் பக்கத்தில் அவள் நிற்பாள். யாரும் பார்க்காத கவருக்குள் நான் இருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் இதில் எது பெரிய பாதி என்று உனக்கே தெரியாமல் செய்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிகிறது. நான் சொல்லப்போவதில்லை.

நடுவரிடம் நீ போய்ச் சொன்னது சரியான காரியம். அதில் திருத்த எதுவும் இல்லை.

திருச்செங்கோட்டிலிருந்து ஆள் வந்து கோப்பையை வாங்கிப்போனார். அலமாரியில் அந்த இடம் காலியாக இருக்கிறது. தண்டாயுதபாணி பார்த்துவிட்டு, "அடுத்த வருசம் நம்ம ஜோடி வாங்கியாந்து வெச்சிரலாமுங்க. நீங்க மட்டும் நம்ம பலகையைப் பாத்து நின்னாப் போதும்" என்றார். பார்க்கலாம் என்றேன். அவருக்கு டீயும் கொடுத்தேன். நர்மதாவின் பேத்திக்கு என்ன வயது? பாட்டி தோற்றாள் என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம், சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள் என்று மட்டும் சொல்லச் சொல்.

இதன் கீழே ஒரு ஏணி வைத்திருக்கிறேன். கடலிலிருந்து குளத்துக்கு வர வேண்டும். வழி ஒன்று மட்டும் இல்லை. முதல் படியை எந்தப் பக்கம் வைக்கிறாய் என்பதைப் பொறுத்து மீதி எல்லாம் மாறும். எது நல்ல வழி என்று எனக்குத் தெரியும். பென்சிலில் லேசாக எழுதிக்கூட வைக்கவில்லை. வேண்டுமானால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள். கை அரிக்கிறது, ஆகவே உடனே கவரில் போட்டு ஒட்டப் போகிறேன்.

மெதுவாக எழுது. தபால்காரர் வரும் நேரம் எனக்குத் தெரியும், நான் வீட்டில்தான் இருப்பேன்.

கடல்
. . . . .
குளம்

இதை நர்மதாவிடம் காட்டாதே.

அங்காளம்மாள்